வாசனையே இல்லாத ஒருத்தி

"லாசரு கல்லறையிலேர்ந்து எழுந்து வந்தாருல்ல மிஸ், வந்ததும் முதல்ல என்ன சாப்பிட்டாரு?"

பல வருஷங்களுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் கேட்ட கேள்வி இது. மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாடம் நடத்திக்கொண்டிருந்த செரஃபின் தாரூ சிரிக்கவில்லை. பைபிளைப் புரட்டினார். கல்லறை இருந்தது. கல் இருந்தது. அழுத சகோதரிகள் இருந்தார்கள். பிற்பாடு நடந்த ஒரு விருந்துகூட இருந்தது. ஆனால் எழுந்து வந்த அந்த நிமிஷம், யாராவது அந்த மனிதருக்கு ஒரு வாய் ஊட்டினார்களா என்பது மட்டும் இல்லை.

"பாவம் மிஸ், நாலு நாள் பட்டினி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான் பையன்.

அவன் பெயர் நெஸ்தோர். இப்போது வளர்ந்து ஆளாகி, ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவாகிவிட்டான். இன்று காலை மோன் லோரியே கிராமமே அவனைச் சுற்றி நின்று திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான்.

செரஃபினும் அவருடைய உதவியாளன் காஸ்பாரும் விடிந்ததும் விடியாததுமாக எண்ணெய்க் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களுடைய துப்பறியும் அலுவலகம் ஒரு பழைய பயணிகள் வேன். அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 'பொறுமை' என்று எழுதியிருக்கும். கீழே சின்ன எழுத்தில், 'துப்பும் துலக்கப்படும்'.

செரஃபின் முன்பு துறைமுகத்தில் சுங்க அதிகாரி. ஒருநாள் ஒரு மூட்டையின் மேல் சந்தேகம் வந்து, குனிந்து மோந்து பார்த்தார். உள்ளே மிளகாய்த்தூள். அன்றோடு அவர் மூக்கு வேலையை விட்டு நின்றுவிட்டது. துப்பறிய வந்தபோது மோப்பத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. காஸ்பார் கிடைத்தான். வேன் ஓட்டுவான், மோப்பம் பிடிப்பான், வாயை மூட மாட்டான்.

இன்றைக்கு அவர்கள் துப்புத் துலக்க வரவில்லை. பக்கத்துத் தீவான குவாதலூப்பிலிருந்து மத்தியானப் படகில் மத்மொசெல் கொராலி என்று ஒருத்தி வருகிறாள். சோப்பு, தலைமுடி எண்ணெய், முகப்பூச்சு எல்லாம் இலையிலிருந்தும் பூவிலிருந்தும் செய்து விற்கும் கம்பெனிக்காரி. மோன் லோரியே பெண்கள் சங்கத்தின் எண்ணெய் அவளுக்குப் பிடித்துவிட்டால், இனிமேல் வருஷா வருஷம் இந்த ஊர் இலைக்கு விலை நிச்சயம் என்று அர்த்தம். அவளைப் படகுத்துறையிலிருந்து அழைத்துவரத்தான் 'பொறுமை'யை அமர்த்தியிருந்தார்கள்.

கொட்டகையில் இன்னும் யாரும் இல்லை. காஸ்பார் வாசப்படியில் உட்கார்ந்து வறுத்த மீன் பொட்டலத்தைப் பிரித்தான். எலுமிச்சம்பழத்தை மேலே பிழிந்தான். சப்புக்கொட்டினான். மீன் பாதி தீர்ந்தபோது சங்கத் தலைவி யூஃபெமியா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க மா செரஃபின்! இன்னிக்குப் பாத்து காலை ஜெபமணியே அடிக்கல. அந்தச் சத்தத்துலதான் இந்த ஊரே கண்ணு முழிக்கும்."

"மணியடிக்கிற இலாரியன் பெருசுக்கே ஒரு மணி வாங்கிக் கட்டணும்" என்றான் காஸ்பார், வாயில் மீனோடு.

யூஃபெமியா தாழ்ப்பாளை நீக்கினாள். உள்ளே பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எண்ணெய்க் குடுவையைக் காணோம்.

*

கொஞ்ச நேரத்தில் ஊர் கூடிவிட்டது.

"நேத்து சாயங்காலம் இதே இடத்துல, கதவுக்குப் பக்கத்துல இருந்துச்சு" என்றாள் யூஃபெமியா. "பிரம்பு பின்னுன பெரிய கண்ணாடிக் குடுவை. கழுத்து வரைக்கும் எண்ணெய். இந்தப் பருவம் பூரா மலையேறி வெட்டுன புவாதென் இலை அத்தனையும் அதுக்குள்ள இருந்துச்சு!"

புவாதென் என்றால் மோன் லோரியேயில் மரம் மட்டும் இல்லை, உயிர். கிராம்பு மாதிரி காரமாக மணக்கும் அதன் இலையைப் பெரிய கொப்பரையில் அடைத்து, விறகு எரித்து, ஆவியாக்கி எண்ணெய் எடுப்பார்கள். எண்ணெயோடு கூடவே வடியும் வாசனைத் தண்ணீரை யாரும் விற்பதில்லை. அது இறந்தவர்களுக்கு. ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், அந்தத் தண்ணீரால்தான் கடைசியாகக் குளிப்பாட்டுவார்கள். அதற்காகவே அதை இதே மாதிரி ஒரு பிரம்புக் குடுவையில் ஊற்றிக் கதவோரம் வைத்திருப்பார்கள். கொட்டகைக்குப் பூட்டும் கிடையாது.

"அந்தத் தண்ணிக் குடுவை எங்கே?" என்று கேட்டார் செரஃபின்.

"அதோ, உள் மூலையில. தொட்டுக்கூடப் பாக்கல. எண்ணெயைப் பாத்து எடுத்திருக்கான்!"

"தண்ணிக் குடுவை கதவோரம்தானே இருக்கும்?"

கூட்டத்தின் நடுவில் நின்ற நெஸ்தோர் வாயைத் திறந்தான். கொப்பரைக்கு விறகு போடுகிறவன். முகமெல்லாம் கரி.

"நான்தான் மாத்தி வெச்சேன் மிஸ். விருந்தாளி வர்றாங்களேன்னு நேத்து கொட்டகையைப் பெருக்கித் துடைச்சேன். காலைல எடுக்க வசதியா இருக்கட்டும்னு எண்ணெயை முன்னாடி வெச்சேன். தண்ணியைப் பின்னாடி வெச்சேன். நல்லதுன்னு நெனச்சுதான்..."

"கேட்டீங்களா?" என்று கத்தினாள் ஒருத்தி. சேலை முந்தானை இருந்திருந்தால் இழுத்துச் செருகியிருப்பாள். இல்லாததால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டாள். கோவில் பாடகர் குழுவின் முதல் குரல், ஒதில். "முன்னாடி எண்ணெய் இருக்குன்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்! ஒரு தடவ ஆட்டைத் திருடிட்டு உள்ள போனவன், இன்னொரு தடவ எண்ணெயைத் திருட மாட்டானா?"

நெஸ்தோர் தலையைக் குனிந்துகொண்டான். ஆட்டு விஷயம் உண்மை. சிறையிலிருந்து வந்தவனுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காதபோது, இந்தச் சங்கம்தான் விறகுக் கோடாரியைக் கையில் கொடுத்தது. கோடாரியை நம்பிக் கொடுத்த கைகள் இன்று அதைத் திரும்ப வாங்க நீண்டிருந்தன.

"சாவு வீட்டுக்காரங்க யாராவது தண்ணின்னு நெனச்சு மாத்தி எடுத்திருக்கலாமே?" என்றார் செரஃபின்.

கூட்டம் ஒரே குரலில் இல்லை என்றது.

"சாவு விழுந்தா உடனே கோவில் மணி அடிக்கும் மா செரஃபின்" என்றாள் யூஃபெமியா. "அடிச்சதா? இல்ல. அப்போ யாரும் சாகல." அவள் குரல் தாழ்ந்தது. "எனக்கும் மனசு கேக்கல. ஆனா போலீசுக்குச் சொல்லி அனுப்பிட்டோம். படகு வர்றதுக்குள்ள குடுவை வந்தாச் சரி. இல்லன்னா இவன் போகணும். ஊரை விட்டே போகணும்."

செரஃபின் நெஸ்தோரைப் பார்த்தார். செத்துப் பிழைத்தவருக்குப் பசிக்குமே என்று கவலைப்பட்ட பையன். அப்படிக் கவலைப்படத் தெரிந்தவன் ஒரு ஊரின் வாய்ச் சோற்றை எடுத்துக்கொண்டு போவானா? இதைச் சாட்சியாக எந்த நீதிபதியும் ஏற்க மாட்டார். செரஃபின் ஏற்றுக்கொண்டார்.

"காஸ்பார், கையைத் தொடைச்சுக்கோ. மூக்குக்கு வேலை வந்திருக்கு."

*

"எல்லாரும் வரிசையா நில்லுங்க. கையை நீட்டுங்க. பயப்படாதீங்க, ஊசி இல்ல" என்றான் காஸ்பார்.

அவன் ஒவ்வொருவராக மோந்துகொண்டே போனான். மோன் லோரியே வரலாற்றில் இப்படி ஒரு வைத்தியம் நடந்ததில்லை. சிலர் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார்கள். ஓர் ஆள் நாக்கையும் நீட்டினான்.

"இவரு, புவாதென், வெங்காயம். இவங்க, புவாதென், ஈரத்துணி. இவரு புவாதென், டீசல். அண்ணே நீங்க... புவாதென், அப்புறம் பொண்டாட்டிக்குத் தெரியாத ரம்."

"தெரியும்" என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி.

"இப்போ தெரியும்" என்றான் காஸ்பார்.

யூஃபெமியா பொறுமை இழந்தாள். "என்ன மா செரஃபின் இது? இந்த ஊர்ல எல்லாருக்கும்தான் புவாதென் வாசனை அடிக்கும். எங்களுக்கே மூக்கு மரத்துப்போச்சு. கொழந்தை பொறந்ததுமே அந்த வாசனையோடதான் பொறக்குது. இதுல திருடனை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"தெரியல" என்றார் செரஃபின். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வது அவருக்குச் சிரமமாக இருந்ததே இல்லை.

காஸ்பார் ஒதிலிடம் வந்தான். மோந்தான். நிமிர்ந்தான். மறுபடி மோந்தான்.

"என்ன, கொய்யாப்பழமா நான்?" என்றாள் ஒதில்.

காஸ்பார் செரஃபின் காதருகில் வந்தான். "மா, இவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

"ஒண்ணுமே இல்லன்னா?"

"வாசனையே இல்ல. கழுவிக் கவுத்த டம்ளர் மாதிரி இருக்காங்க. ரொம்ப உத்துப் பாத்தா கொஞ்சம் கடலுப்பு, கொஞ்சம் எலுமிச்சை இலை. அவ்வளவுதான்."

செரஃபின் ஒதிலைப் பார்த்தார். பாவாடை ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. கையில் கனத்த பை. பைக்குள் தேங்காய்கள்.

"காலைல கடல்ல குளிச்சியா ஒதில்?"

"குளிச்சா தப்பா? பாவம் கழுவக் கூடாதுன்னு எந்தச் சாமியார் சொன்னாரு?"

"இவ்வளவு தேங்காய் எதுக்கு?"

"கேக்கு செய்ய!" என்றாள் ஒதில். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பாடகர் குழுவில் யாரும் கேட்டிராத வேகத்தில் மேட்டுத் தெருவில் ஏறி மறைந்தாள்.

"மா, புடிச்சிரலாமா?" என்றான் காஸ்பார்.

"எதுக்கு? தேங்காய் வாங்குனதுக்கா?"

*

வேன் நிழலில் நின்றது. உள்ளே முன் இருக்கையில் செரஃபின், பின் இருக்கையில் யூஃபெமியா. வாசலில் சாய்ந்து நின்ற காஸ்பார், பொட்டலத்தில் மிச்சமிருந்த மீனின் தலையைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தான்.

"யூஃபெமியா, இந்த ஊர்ல யார் விடியக்காலைல கடல்ல முங்கி, எலுமிச்சை இலை தேய்ச்சுக் குளிப்பாங்க?"

"பிணம் குளிப்பாட்டினவங்கதான். கைல இருக்கிற வாசனை பூராப் போற வரைக்கும் தேய்ப்பாங்க. ஆனா மணிதான்..."

"மணி இருக்கட்டும். தண்ணி எடுக்க வர்றவங்களுக்கு முறை ஏதாவது உண்டா?"

"உண்டே. யாரையும் கேக்கக் கூடாது. எடுத்துட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது. எடுத்ததைப் பத்தி அடக்கம் முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாது. தண்ணிக்குப் பதிலா வாசப்படியில ஒரு பச்சை எலுமிச்சம்பழத்தை வெச்சுட்டுப் போகணும். அதைப் பாத்தாப் போதும், நாங்க புரிஞ்சுக்குவோம். இன்னிக்குத்தான் எலுமிச்சம்பழமும் இல்லையே!"

மெல்லும் சத்தம் நின்றது.

தூரத்தில் யாரோ ஒருவருடைய சேவல் மட்டும் இது எதுவும் தெரியாமல் கூவியது.

"காஸ்பார்" என்றார் செரஃபின், திரும்பாமலே.

"ம்."

"மீனுக்குப் பிழிஞ்சியே, அந்த எலுமிச்சம்பழம் எங்கே கெடச்சுது?"

"கடவுள் கொடுத்தாரு மா."

"எங்க வெச்சுக் கொடுத்தாரு?"

காஸ்பார் மீன் தலையைப் பார்த்தான். மீன் தலை அவனைப் பார்த்தது.

"வாசப்படியில."

யூஃபெமியா வாயைப் பொத்திக்கொண்டாள். செரஃபின் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொன்னார். அது பொறுமைக்கான ஜெபம். அதனால்தான் வேனுக்கு அந்தப் பெயர்.

"இருந்த ஒரே சாட்சியை மீனோட சேத்துத் தின்னுட்டியேடா."

"நல்ல சாட்சி மா. சாறு நெறைய இருந்துச்சு" என்றான் காஸ்பார். சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது. அந்தப் பழம் அங்கேயே இருந்திருந்தால் யாரும் திருட்டு என்றே சொல்லியிருக்க மாட்டார்கள். யாரும் நெஸ்தோரைச் சுற்றி நின்றிருக்க மாட்டார்கள். அவன் மீன் தலையைப் பொட்டலத்தில் வைத்து மூடினான். காஸ்பார் சாப்பாட்டைப் பாதியில் மூடியதை செரஃபின் அன்றுதான் பார்த்தார்.

"ஆனா மா செரஃபின், அப்போ யாரோ செத்திருக்கணுமே!" என்றாள் யூஃபெமியா. "யாரு? மணி ஏன் அடிக்கல? எங்க ஊர்ல யார் செத்தாலும் மணி அடிக்காம இருக்காது!"

"யார் செத்தாலுமா?" என்றார் செரஃபின். "நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒரே ஒருத்தர் செத்தா மட்டும் அடிக்காது."

யூஃபெமியா யோசித்தாள். காஸ்பார் யோசித்தான். இருவர் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தது.

"மணியடிக்கிறவரு!"

"காலைல ஜெபமணியும் அடிக்கல. இலாரியன் யாருக்கு அண்ணன்?"

"ஒதிலுக்கு" என்றாள் யூஃபெமியா. அடுத்த நொடி அவள் சிலுவை போட்டுக்கொண்டு வேனை விட்டு இறங்கியிருந்தாள்.

*

இலாரியன் வீடு கோவிலுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் செரஃபின் நடந்தார். "நீயும் வா" என்று அவர் சொன்னதால் நெஸ்தோரும் வந்தான். செய்தி எப்படியோ பரவி, பின்னால் ஊர் முழுக்க வந்தது. ஆண்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பாதி வழியில் யாரோ துக்கப் பாட்டை எடுத்தார்கள். முதல் குரல் இல்லாததால் சுதி தெருவோரக் கால்வாயில் விழுந்தது.

"எனக்கு ஒண்ணு தோணுது மா" என்றான் காஸ்பார் மெதுவாக. "செத்ததை மறைக்கிறாங்கன்னா அது சாதாரண சாவா இருக்காது. அண்ணனைத் தங்கச்சியே... தேங்காயால..."

"வாயை மூடு."

கதவை ஒதில் மறித்து நின்றாள். "யாரும் உள்ள வரக் கூடாது! வியாழக்கிழமை சாமியார் வரட்டும். முதல்ல அவருக்குத்தான் சொல்லுவேன்!"

"ஒதில்," என்றார் செரஃபின் தாழ்ந்த குரலில், "உன் துக்கத்தை நீ தனியாச் சுமக்க வேண்டாம். அண்ணனைக் கடைசியா ஒரு தடவ நாங்க பாக்கலாமா?"

ஒதில் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "பாக்கலாம். ஆனா அவரு..."

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருடி அது? உப்பு எங்க வெச்சுத் தொலைச்சே?"

துக்கப் பாட்டு நடு அடியில் நின்றது. காஸ்பார் மட்டும் நிற்கவில்லை. தெருமுனை வரை ஓடி, சாவி கையில் இருப்பதைப் பார்த்து, வேன் இல்லாததைப் பார்த்து, திரும்பி வந்தான்.

செரஃபின் கதவைத் தள்ளினார்.

நடு வீட்டில் துணி துவைக்கும் பெரிய தகரத் தொட்டி. தொட்டி நிறையத் தேங்காய்ப்பால். பாலுக்குள் கழுத்து வரை இலாரியன். செடியில் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்திருந்தார். தொட்டியின் குறுக்கே ஒரு பலகை, பலகையின் மேல் ஒரு தட்டு. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாதி ஊர் மண்டியிட்டது. மீதி ஊர் எட்டிப் பார்த்தது.

"அற்புதம்!" என்று விம்மினாள் ஒதில். இனி மறைக்க ஒன்றும் இல்லை. "விடியறதுக்கு முன்னாடி எழுப்பப் போனேன். கட்டையாக் கெடந்தாரு. தொட்டாச் சில்லுன்னு இருந்தாரு. மூக்குகிட்ட கண்ணாடியை நீட்டுனேன், ஆவியே படல..."

"கண்ணாடியோட மரப்பக்கத்தை நீட்டியிருக்கா" என்றார் இலாரியன். "இருமலுக்குக் கசாயம் குடிச்சேன். அதுல ரம் கொஞ்சம் தூக்கலாப் போச்சு. சன்னலைத் தொறந்து வெச்சுட்டுத் தூங்கிட்டேன். தூங்குறவனுக்கு இந்த வீட்டுல பாதுகாப்பே இல்ல."

"அழுதுக்கிட்டே போய் எலுமிச்சம்பழத்தை வெச்சேன். தண்ணியை எடுத்தேன். திரும்பிப் பாக்கல. வந்து முறைப்படி மார்ல ஒரு கை ஊத்தித் தேய்ச்சேன். மாதாவே! அப்படியே எழுந்து உக்காந்தாரு! கூரை பறக்கிற மாதிரி ஒரு சத்தம்!"

"உன் மார்ல நெருப்பை அள்ளித் தேய்ச்சா நீ தாலாட்டா பாடுவே?"

செரஃபின் அறையைச் சுற்றிப் பார்த்தார். மாதா சொரூபத்தின் காலடியில், மெழுகுவர்த்திக்கும் பூவுக்கும் நடுவில், பிரம்புக் குடுவை. ஒரு கை அளவு குறைந்திருந்தது. மற்றபடி கழுத்து வரை நிறைந்திருந்தது.

"ஒதில், அது தண்ணி இல்ல. எண்ணெய்."

ஒதில் குடுவையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். பிறகு நெஸ்தோரைப் பார்த்தாள். காலையில் அவனைப் பார்த்துக் கத்தியபோது, தான் எடுத்தது மரணத் தண்ணீர் என்றுதான் அவள் சத்தியமாக நம்பியிருந்தாள். அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்ற முறையைக் காப்பாற்றினாள். திருட்டு வேறு, தண்ணீர் வேறு என்று இரண்டையும் இரண்டு பெட்டியில் வைத்திருந்தாள். இப்போது இரண்டு பெட்டியும் ஒன்றாகத் திறந்துகொண்டன.

அவள் நெஸ்தோரை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள்.

எல்லோரும் நெஸ்தோரைப் பார்த்தார்கள். அவன் ஏதாவது சொல்ல வேண்டிய நேரம். சொல்ல அவனுக்கு நிறைய இருந்தது. சொல்லியிருந்தால் ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

நெஸ்தோர் தொட்டி அருகே போய்க் குந்தி உட்கார்ந்தான்.

"பெரியவரே, எழுந்ததும் முதல்ல என்ன சாப்பிட்டீங்க?"

செரஃபின் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கைக்குட்டை தேடினார்.

"சுட்ட சீமைப்பலா" என்றார் இலாரியன், அது உலகத்திலேயே இயல்பான கேள்வி என்பது போல. "புகைபோட்ட மீன். பசின்னா அப்படி ஒரு பசி! ஆனா மீனுக்குப் பிழிய எலுமிச்சம்பழம்தான் இல்ல. வீட்டுல இருந்த ஒண்ணையும் இவ எங்கேயோ கொண்டுபோய் வெச்சுட்டா. எந்தப் பரதேசி தின்னானோ!"

காஸ்பார் கூரையை ஆராய்ந்தான். கூரை நன்றாக வேயப்பட்டிருந்தது.

முதலில் சிரித்தவள் ஒதில்தான். அழுகையும் சிரிப்பும் கலந்த ஒரு சத்தம். பிறகு ஊரே சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் அவள் நெஸ்தோரின் கரி படிந்த கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி இருந்த அந்தக் கைகளில் கரியும் புகையும் புவாதென்னும் ஒட்டிக்கொண்டன. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

*

மத்தியானம் படகு வந்தது. போலீஸ்காரரும் வந்தார். அவருக்குக் கொக்கோ டீயும் பொரித்த ரொட்டியும் கொடுத்து, திருடன் தேங்காய்ப்பாலில் ஊறுகிறான் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். மணி அடித்தது, கயிற்றை இழுத்த இலாரியனின் கைகளில் எரிச்சலுக்குத் துணி சுற்றியிருந்தது, அதனால் தாளம் கொஞ்சம் புதுமையாக இருந்தது.

மத்மொசெல் கொராலி குடுவைத் தக்கையைத் திறந்து, விரல் நுனியால் ஒரு துளி தொட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். "நல்ல எண்ணெய். வீரியம் எப்படி இருக்கும்?"

"செத்தவரையே எழுப்புச்சு" என்றாள் யூஃபெமியா.

கொராலி வியாபாரப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். சுற்றி நின்ற யாரும் சிரிக்காததைப் பார்த்து, துளியைத் தொட்ட விரலை அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். "அப்போ வேற எண்ணெய் நிறையக் கலந்துதான் சேர்க்கணும்" என்றாள். பிறகு மூலையில் இருந்த தண்ணீர்க் குடுவையையும் மோந்து பார்த்தாள். "இதுவும் வேணும். முகத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. இதை என்ன செய்யறீங்க?"

யூஃபெமியா செரஃபினைப் பார்த்தாள். செரஃபின் அந்தக் குடுவையைப் பார்த்தார்.

"அடுத்த வடிப்புலேர்ந்து தர்றோம்" என்றாள் யூஃபெமியா. "ஆனா இந்தக் குடுவை எப்பவும் நிறைஞ்சே இருக்கும். இது விலைக்கு இல்ல."

கொராலி காரணம் கேட்கவில்லை. தலையசைத்தாள். அடுத்த பருவத்து எண்ணெய் முழுவதும் தனக்கே வேண்டும் என்றாள். எண்ணெய்க் குடுவையை வேனில் ஏற்ற நெஸ்தோரைத்தான் கூப்பிட்டார்கள். அவன் அதைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினான். அவன் மடியில் வைத்தபடியே படகுத்துறை வரைக்கும் போக வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. ஊரில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் வழியனுப்பப் போனார்கள். இறக்கம் என்பதால் வேனை யூஃபெமியாவே ஓட்டினாள். காஸ்பாருக்கு வயிறு சரியில்லையாம்.

"மீன் பண்ற வேலை" என்று மட்டும் சொன்னார் செரஃபின், வேனில் ஏறிக்கொண்டே.

வேனின் சத்தம் வளைவில் தேய்ந்தது. கொட்டகையில் யாரும் இல்லை. பின்பக்கம், நெஸ்தோர் இன்று பிளந்திருக்க வேண்டிய விறகுக் கட்டைகள் குவியலாகக் கிடந்தன. கோடாரி அடிமரத்தில் செருகியபடி நின்றது. காலையில் அதைத்தான் அவனிடமிருந்து வாங்க இருந்தார்கள்.

காஸ்பாருக்கு வயிறு நன்றாகத்தான் இருந்தது. சட்டையைக் கழற்றினான். ஓட்டுநர் கை, கோடாரிக்குப் பழகாத கை. முதல் கட்டை பிளக்கவில்லை. துள்ளிப்போய் முழங்காலில் இடித்தது. அதற்கு அவன் ஒரு நல்ல நகைச்சுவை சொல்லியிருக்கலாம். கேட்க ஆள் இல்லாததாலோ என்னவோ, சொல்லவில்லை. மறுபடி ஓங்கினான்.

குவியல் முழுக்கப் பிளந்து முடிந்தபோது உள்ளங்கை கொப்பளித்திருந்தது. விறகைக் காற்றுப் போகிற மாதிரி கூரையடியில் அடுக்கினான். கோடாரியை இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே செருகினான். பிறகு வேலியோரமாக நடந்து, யாருடைய மரம் என்று தெரியாத ஒரு மரத்தின் கீழ் நின்று, வீட்டில் தங்கிவிட்ட மரத்துக்காரக் கிழவியைத் தேடிப் போய்க் கேட்டே ஒரு பச்சை எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான்.

அதைக் கால்சட்டையில் துடைத்து, விறகு அடுக்கின் உச்சியில் வைத்தான். உருளாதபடி ஒரு சிம்பை அணை கொடுத்தான்.

பிறகு சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.